பஸ் பாலினேஷன்: முரலலா, அதிர்வா, உலுக்கலா?

கோவையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு,

கத்தரி, தக்காளி சாகுபடிக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. தேனீ 'buzz' என்ற ரீங்காரத்தோடு பூவை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பதற்கான 'பஸ் பாலினேஷன்' (buzz pollination) என்பதை அப்படியே எழுதினால் மகரந்தம் பேருந்தில் ஏறிப் போவதாகத்தான் படிப்பார்கள். நம் எழுத்தில் அந்த ஒலிக்கு இடமில்லை.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நெடுக்காகப் பிளந்து தூளை வெளியே காட்டிவிடும். மிளகாய்ப்பூ அப்படித்தான். கத்தரிப்பூவில் பை பிளப்பதில்லை, நுனியில் சிறு துளைகள் மட்டும் திறக்கும். தூள் உள்ளேயே கிடக்கும். இந்தப் பூக்களில் தேனும் கிடையாது, வருகிறவருக்குக் கூலி மகரந்தம் மட்டுமே. தேனீ பைகளைத் தாடையால் கவ்விக்கொண்டு, இறக்கைகளை முதுகில் மடித்து வைத்துவிட்டு, பறக்கும் தசையை மட்டும் முடுக்கும். இறக்கை விரியாது, உடல் மட்டும் நடுங்கும். நொடிக்கு ஏறக்குறைய 300 தடவை. தூள் துளைவழியே பீச்சிக்கொண்டு வந்து அதன் அடிவயிற்றில் படியும். நுனித்துளை உள்ள தாவர இனங்கள் உலகில் 20,000க்கு மேல். நமக்குத் தெரிந்தவை: கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி, ஆவாரை.

என் முன்மொழிவு 'முரல் மகரந்தச் சேர்க்கை'. வண்டின் ஒலிக்கு முரல், இமிர், ஊது என்று மூன்று சொற்கள் சங்கத் தமிழிலேயே இருக்கின்றன. 'இமிர்' வழக்கில் இல்லை. 'ஊது' என்றால் இன்று புல்லாங்குழல் நினைவு வரும். மிஞ்சுவது முரல்.

ஓசூரிலிருந்து:

> மிஞ்சுவது முரல்

அழகான சொல், ஆனால் தவறான இடத்தைத் தொடுகிறது. ஒலி இங்கே விளைவு, காரணம் அல்ல. நம் அடுக்குத் தேனீயும் முரலத்தான் செய்கிறது. ஆனால் பூவைக் கவ்வி அதிர வைக்கும் பழக்கம் அதற்கில்லை. 'முரல்' என்று போட்டால், தேனீப்பெட்டி வைத்தால் தக்காளிக்குப் போதும் என்று விவசாயி எடுத்துக்கொள்வார். இந்த வேலையைச் செய்வது கருவண்டு என்று ஊரில் சொல்கிற தச்சுத்தேனீயும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறு தேனீயும்தான். ('வண்டு' இப்போது பாடநூலில் பொன்வண்டு வகைக்குப் போய்விட்டது. அது தனிச் சண்டை.)

இன்னொன்று. பசுமைக்குடிலில் வெள்ளை ஈக்காகக் கட்டும் 40 மெஷ் வலை கருவண்டையும் சேர்த்தே தடுத்துவிடும். அங்கே பேட்டரி பல்துலக்கியை வைத்துத்தான் வேலை. பூக்கொத்தின் காம்பில், பூவுக்குப் பின்னால், அரை நொடி தொட்டால் போதும். பூவின் மீதே வைத்தால் சூலகம் காயப்பட்டு, பிஞ்சில் வடு விழும். ஒன்று விட்டு ஒரு நாள், காலை 10 முதல் பிற்பகல் 2 மணிக்குள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் தூள் கட்டிபட்டு உதிராது. மிகவும் வறண்டால் உதிரும், ஆனால் சூல்முடியில் ஒட்டாது. ஐரோப்பாவிலும் 1980களின் பிற்பகுதி வரை கையில் அதிர்வுக்கோலோடுதான் திரிந்தார்கள். 1987இல் பெல்ஜியத்தில், பூவை அதிர வைக்கும் பம்பிள் தேனீயைப் பெட்டியில் வளர்த்து விற்கத் தொடங்கிய பிறகே கோலைக் கீழே வைத்தார்கள்.

பல்துலக்கி செய்வதும் அதே வேலை. அதை 'முரல்' என்பீர்களா? என் ஓட்டு 'அதிர்வு மகரந்தச் சேர்க்கை'.

சென்னையிலிருந்து:

அதிர்வா ஒலியா என்பதைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். இசைக்கவைப் பெட்டியில் 256 முதல் 512 ஹெர்ட்ஸ் வரை எட்டுக் கவைகள் இருக்கும். அன்று காலை விரிந்து, இதழ் பின்னால் மடங்கிய தக்காளிப்பூ ஒன்று, அடியில் பிடிக்கக் கறுப்புத் தாள். கவையை ரப்பர் கட்டையில் தட்டி, பூவுக்கு அருகே தொடாமல் பிடியுங்கள். ஒலி கேட்கும், தாளில் ஒன்றும் விழாது. இப்போது கவையின் ஒரு நுனியை, பூவின் நடுவே மகரந்தப்பைகள் சேர்ந்து நிற்கும் மஞ்சள் கூம்பின் பக்கவாட்டில் தொடுங்கள். வெளிர்மஞ்சள் மாவு சட்டென்று விழும். 256இலும் விழும், 512இலும் விழும். கவை எவ்வளவு பலமாக அதிர்கிறது, எவ்வளவு நேரம் தொட்டது என்பவைதான் தூளின் அளவைப் பெரிதும் கூட்டிக் குறைக்கின்றன, சுரம் அல்ல.

விழவில்லை என்றால் பெரும்பாலும் பனி காயாத பூ, அல்லது ஏற்கெனவே காலியான பழைய பூ. மேசை விளிம்பில் தட்டுவதும் வேண்டாம், கவை கெட்டுப்போகும்.

ஆகவே ஒலி காரணமல்ல என்பதில் ஓசூர் அன்பருடன் உடன்படுகிறேன். ஆனாலும் காதுக்கு ஒரு பயன் இருக்கிறது. கருவண்டு ங்ஙொய் என்று தாழ்ந்த குரலில் வரும். சுண்டைப்பூவில் தொங்கியதும் குரல் சட்டென்று மேலே ஏறும். இறக்கை மடங்கினால் அதே தசை வேகமாகத் துடிக்கும், அதனால்தான். வயலில் அடையாளம் கண்டுகொள்ள அந்தக் குரல் மாற்றமே போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இரண்டு குறிப்புகள். எங்கள் பாடநூல்களில் மகரந்தப்பை இல்லை, மகரந்தக்கூடு. கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் போடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு உறுப்பென்று நினைத்துவிடுவார்கள். மகரந்தத்துக்குப் பதிலாகத் 'தாது' போடலாமே என்று யாராவது வரும் முன்பே சொல்லிவிடுகிறேன்: தாது என்றால் கனிமம் என்று புவியியல்காரர் எடுத்துக்கொண்டு நெடுங்காலம் ஆகிவிட்டது.

அடுத்தது, 'நுனித்துளை' என்ற சொல் கத்தரிக்குச் சரி, தக்காளிக்குப் பொருந்தாது. தக்காளியின் கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் உட்பக்கமாக நெடுகப் பிளக்கிறது. தூள் கூம்புக்குள் கொட்டி, கூம்பின் வாயால் வெளியே வருகிறது. தனித்தனித் துளை அங்கே இல்லை. 'நுனிவாய்' என்றால் இரண்டுக்கும் பொருந்துமென்பது என் எண்ணம்.

ஓசூரிலிருந்து:

நுனிவாய் அருமை. எடுத்துக்கொள்வோம்.

இதை எழுதும்போது இன்னொன்று தோன்றுகிறது. 'அதிர்வு' என்பதும் பாதிக் கதைதான் சொல்கிறது. பாலமும் அதிர்கிறது, கைப்பேசியும் அதிர்கிறது. எதுவும் உதிர்வதில்லை. உதிர்வதற்காகவே அசைப்பதற்கு நம்மிடம் ஒரு வினை உண்டு: உலுக்கு. புளியமரத்தில் ஏறிக் கிளையை உலுக்குகிறோம், நெல்லி உலுக்குகிறோம். காய் விழாவிட்டால் அது உலுக்கல் ஆகாது, வெறும் ஆட்டல். செயலும் பயனும் ஒரே சொல்லில். 'வண்டு பூவை உலுக்குது' என்றால் கலைச்சொல் பட்டியல் இல்லாமலே புரியும்.

சென்னையிலிருந்து:

> வண்டு பூவை உலுக்குது

உலுக்கல் என்றதும் கிளை ஒரு முழம் போய் ஒரு முழம் வருவது கண்ணில் வருகிறதே? இங்கே அசைவு கண்ணுக்கே தெரியாது. ஆஸ்திரேலியாவின் நீலப்பட்டைத் தேனீ நொடிக்கு 350 தடவை தலையால் மகரந்தப்பையை மோதுகிறது. அதை வெறும் 'உலுக்கு' என்று மாணவனுக்குச் சொன்னால் செடியைப் பிடித்து ஆட்டுவான். சேர்த்துவிடலாமா: அதிர்வுலுக்கல்?

இன்னொரு பிரிப்பும் வேண்டும். தேனீ அதிர வைத்துத் தூளை உதிர்ப்பது ஒரு செயல், 'சோனிகேஷன்'. அந்தத் தூள் சூல்முடிக்குப் போய்ச் சேர்வது வேறு. தூளை உதிர்த்து வாரிக்கொண்டு, சூல்முடியைத் தொடாமலே போகும் சிறு தேனீக்களும் உண்டு. அங்கே உலுக்கல் நடந்தது, சேர்க்கை நடக்கவில்லை.

கோவையிலிருந்து:

முரலை விட்டுவிடுகிறேன், கொஞ்சம் மனக்கசப்போடு. அதிர்வுலுக்கல் வாயில் ஒருமுறை தடுக்குகிறது, இரண்டாம் முறை பழகிவிடுகிறது. கையேட்டுக்குள் போகும் வரைவு இது:

சோனிகேஷன்: அதிர்வுலுக்கல். தேனீயோ கருவியோ மகரந்தப்பையை விரைந்து அதிரச்செய்து தூளை உதிர்ப்பது.

பஸ் பாலினேஷன்: அதிர்வுலுக்கு மகரந்தச் சேர்க்கை. விவசாயிகளுக்கான பக்கங்களில் 'உலுக்குச் சேர்க்கை' போதும்.

நுனிவாய் மகரந்தப்பை (இலங்கையில் மகரந்தக்கூடு): தூள் நுனி வழியாக மட்டும் வெளிவரும் அமைப்பு. தக்காளிக்கு 'நுனிவாய்க் கூம்பு'.

கூடவே ஒரு எச்சரிக்கை வரியும் சேர்க்கிறேன். கத்தரியில் பூ உதிர்வதெல்லாம் உலுக்கல் போதாமையால் அல்ல. சூல்தண்டு குட்டையாக, மகரந்தப்பைகளுக்குக் கீழேயே நின்றுவிட்ட பூ எத்தனை தடவை உலுக்கினாலும் பொதுவாகக் காய்க்காது. பூவைக் கவிழ்த்து, சூல்முடி வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் குட்டைத்தண்டுப் பூவுக்கும் ஒரு பெயர் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.