விடுதிக்காரர் சட்டசபைக்குப் போன கதை: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வில்பட்டி விடுதிக்காரன்:

கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வில்பட்டியில் ஆறு அறை வைத்து விடுதி நடத்துகிறேன். போன வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்து நாலு நாள் தங்கினார். கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதே 1845இல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷன்காரர்கள்தான், அதனால் அமெரிக்கர் வருவது இங்கே புதுசில்லை. ஆனால் மழை விடவே இல்லை. மனுஷர் ஏரிப் பக்கம்கூடப் போக முடியாமல் எங்கள் அடுப்படியிலேயே சுக்குக் காப்பியோடு உட்கார்ந்துவிட்டார்.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அமெரிக்கா சுதந்திரம் வாங்கின காலத்தில் அவருடைய முன்னோர் ஒருத்தர் கனெக்டிகட்டில் சாலையோர விடுதி நடத்தினாராம். அதே ஆள் மாநிலச் சட்டசபையிலும் உறுப்பினராம். "உன் தொழில்தான்" என்று என் தோளைத் தட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா இதே இடத்தில் மெஸ் வைத்திருந்தபோது வார்டு உறுப்பினருக்கு நின்று 11 ஓட்டில் தோற்றவர். "கடன் சொல்லிச் சாப்பிட்டவன் எல்லாம் என் சோற்றைத் தின்னுட்டு எதிராளிக்குக் குத்திட்டான்" என்று சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் மட்டும் அது எப்படி நடந்தது? சட்டசபைக்குப் போனால் கடையை யார் பார்த்துக்கொள்வார்கள்? கேட்பதற்குள் பெரியவருக்கு வண்டி வந்துவிட்டது.

குன்னூர் பங்களா (ஓய்வு):

தம்பி, நான் 27 வருஷம் அரசுப் பயணியர் பங்களாவில் சமையல்காரன். எம்.எல்.ஏ. யாராவது வந்து தங்கினால், மனுவோடு வருகிற கூட்டம் முதலில் சமையல்கட்டுக்குத்தான் வரும். "ஐயா சாப்பிட்டாச்சா, எப்படி இருக்கார்?" என்று என்னிடம் நாடி பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் போவார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாரையும் தெரிந்த ஆள் விடுதிக்காரன். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

உங்கள் பெரியவர் ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது: இஸ்ரேல் புட்னம். மாசசூசெட்ஸில் 1718இல் பிறந்து, கனெக்டிகட்டின் பாம்ஃப்ரெட் பக்கம் நிலம் வாங்கிப் போன விவசாயி. ஆடுகளை அடித்துத் தின்ற ஓநாயைக் குகைக்குள் தவழ்ந்துபோய்ச் சுட்டவர் என்று ஊரெல்லாம் பேர். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் பிடிபட்டு, மரத்தில் கட்டி எரிக்கப் பார்த்தபோது ஒரு பிரெஞ்சு அதிகாரி வந்து காப்பாற்றினார். 1766இல் கனெக்டிகட் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அது இன்னும் பிரிட்டிஷ் காலனிதான். அடுத்த வருஷம் டெபோரா என்ற விதவையை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். பார்க்க வருகிறவர்கள் பெருகிப்போய் வீட்டுக்குக் கட்டுப்படி ஆகவில்லை, அதனால் வீட்டையே விடுதியாக்கினார்கள் என்று சொல்வார்கள். கவனியுங்கள், சட்டசபை முதலில், விடுதி பிறகு. சோறு போட்டு வாங்கின ஓட்டு இல்லை அது.

விடுதிக்குப் பலகை மாட்டினார் பாருங்கள், அதுதான் வேடிக்கை. க்யூபெக்கில் செத்த பிரிட்டிஷ் தளபதி வுல்ஃப்பின் படம். எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட அடையாளம் கண்டுகொள்ளப் படம் வேண்டுமே. அந்தப் பலகைக்குக் கீழே கள் ஊற்றிக் கொடுத்த ஆள், 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் சுதந்திரப் போரின் முதல் துப்பாக்கி வெடித்த செய்தி வந்ததும் ஏரை அப்படியே வயலில் விட்டுவிட்டுக் குதிரை ஏறினார். ஜூன் 17 அன்று பங்கர் ஹில் சண்டையில் பிரிட்டிஷாரை எதிர்த்தே நின்றார். 1779இல் பக்கவாதம், 1790இல் இறந்தார். பலகை இன்றைக்கும் ஹார்ட்ஃபோர்டில் பத்திரமாக இருக்கிறது.

கள் என்று சும்மா சொன்னேன். அங்கே குளிர்காலத்துச் சரக்கு 'ஃபிளிப்'. பீரில் ரம்மும் வெல்லப்பாகும் கலந்து, அடுப்பில் பழுக்கக் காய்ச்சின இரும்புக் கம்பியை அதற்குள் முக்குவார்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும், லேசாகக் கருகின வாசனை வரும். படுக்கை மட்டும் நம்மால் தாங்க முடியாது. முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் ஒரே கட்டிலில். உன் விடுதியில் அப்படிச் செய்து பார், அன்றைக்கே ஒற்றை நட்சத்திரம்.

கடையை யார் பார்த்தார்கள் என்று கேட்டாய். கனெக்டிகட் சட்டசபை மே மாதம் ஹார்ட்ஃபோர்டில் கூடும், அக்டோபரில் நியூ ஹேவனில். வருஷம் முழுக்க உட்காருகிற வேலை இல்லை. மிச்சத்தை டெபோரா மாதிரி வீட்டம்மாக்கள்தான் இழுத்திருப்பார்கள். கணவன் செத்த பிறகு தன் பேரிலேயே உரிமம் வாங்கி நடத்தின விதவைகளும் உண்டு.

ஊட்டி வாத்தியாரம்மா:

பங்களா அண்ணன் சொன்னதோடு ஒன்று. அந்தக் காலத்து அமெரிக்க விடுதி வெறும் சாப்பாட்டுக்கடை இல்லை. கோர்ட்டு கூடுவது, ஊர்ப்படை அணிவகுப்பு முடிந்து இளைப்பாறுவது, கடுதாசியும் செய்தித்தாளும் வந்து கிடப்பது எல்லாம் அங்கேதான். வெர்மான்ட் மாநிலத்தின் அரசியல் சட்டமே 1777 ஜூலையில் வின்ட்சர் ஊரில் ஒரு விடுதியில்தான் நிறைவேறியது. அந்த மாநிலச் சட்டசபை 1808இல் தலைநகர் மான்ட்பீலியரில் நிலையாகக் கூடத் தொடங்கும்வரை ஊர் ஊராகப் போய்க் கூடியது.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. பிற்பாடு ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ், 1760இல் தன் நாட்குறிப்பில் இந்தக் கடைகள்தான் நம் சட்டசபைக்காரர்களுக்கு நாற்றங்கால் என்று எரிச்சலோடு எழுதினார். அவர் பயம் வீணில்லை. 1758இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் ஜெயித்த தேர்தலில் வாக்காளர்களுக்கு அவர் கணக்கில் ஊற்றிய சரக்கு சுமார் 160 காலன். 1777இல் அதே வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் (அவரும் பிற்பாடு ஜனாதிபதிதான்), அப்படி ஊற்றுவது கேவலம் என்று கை கட்டி நின்றார். தோற்றார். ஜெயித்தவர் சார்லஸ் போர்ட்டர். தொழில்? விடுதிக்காரர்!

வில்பட்டிக்காரரே, உங்கள் அப்பா அந்த வர்ஜீனியாவில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார். அங்கே ஓட்டுச் சீட்டு கிடையாது. வாக்காளர் மேசைக்கு முன்னால் வந்து யாருக்கு ஓட்டு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வேட்பாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், நன்றியும் சொல்வார். கடன் நோட்டில் பேர் இருக்கிறவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிராளி பேரைச் சொல்லிவிடுவானா?

லைன்வீட்டுப் பையன்:

அக்கா, நீங்கள் சிரிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். நான் எஸ்டேட் லைனில் வளர்ந்தவன். கண்காணிக்கு எதிரில் நின்று வாயால் பேர் சொல்லச் சொல்லியிருந்தால் என் தாத்தா யார் பேரைச் சொல்லியிருப்பார்? வீடு அவன் கையில், பேரேடு அவன் கையில். அந்த வர்ஜீனியாவிலும் நிலம் இருந்த வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான் ஓட்டு. விடுதியில் விறகு சுமந்து, குதிரைக்குத் தண்ணீர் காட்டின அடிமைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். மறைத்துக் குத்தினவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை, அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வில்பட்டி விடுதிக்காரன்:

கோபம் எல்லாம் இல்லை தம்பி. நீ சொன்ன பிறகு பரணிலிருந்து அப்பாவின் கடன் நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். தேர்தல் நடந்த மாதத்தில் பாக்கி வைத்தவர்கள் 34 பேர். தோற்றது 11 ஓட்டில். ஆறு பேர் மாற்றிக் குத்தியிருந்தாலே ஜெயித்திருப்பார். அந்த ஆறு பேர் யார் யாராக இருக்கும் என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டது. "உள்ளே வைடா, அதில் உன் தாய்மாமனும் இருக்கான்."