டிவி வேவு பாக்குதுன்னு ரூட்டர்ல அடைச்சேன், இப்ப ஒரு ஆப்பும் ஓடல. அவசரம்!

பொருநை_குமார் · வியாழன் இரவு 10:42

வணக்கம் மக்களே. போன வாரம் வீட்ல குக்கர் கேஸ்கட் போயிடுச்சுன்னு பேசிக்கிட்டிருந்தோம். மறுநாள் டிவியைப் போட்டதும் முகப்புல குக்கர் விளம்பரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. நெட்ல தேடிப் படிச்சு ரூட்டர்ல கொஞ்சம் செட்டிங் மாத்தினேன். இப்ப டிவில யூடியூப் உட்பட எந்த ஆப்பும் திறக்க மாட்டேங்குது. வைஃபை கனெக்டட்னுதான் காட்டுது. போன், லேப்டாப் எல்லாம் ஜம்முனு ஓடுது. கேபிள் பாக்ஸும் ஓடுது. அப்பாவுக்குக் காலைல அஞ்சரைக்கு யூடியூப்ல தேவாரம் ஓடணும், இல்லன்னா காபியைத் தொட மாட்டார். விடியறதுக்குள்ள யாராவது சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

மாடிவீட்டு_மணி · 10:51

என்ன டிவி? என்ன ரூட்டர்? "கொஞ்சம் செட்டிங்"னா எதை மாத்தினீங்க? வயித்து வலின்னு மட்டும் சொன்னா மாத்திரை எப்படிங்க கொடுக்கிறது?

சிக்னல்_சிங்காரம் · 10:55

டிஎன்எஸ், அதான் தளத்தோட பேரை ஐபி முகவரியா மாத்திக் கொடுக்கிற சேவை. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். விளம்பரத்தை அடைக்கிற டிஎன்எஸ் ஏதாச்சும் போட்டிருப்பீங்க, அது டிவி கம்பெனி முகவரியையும் சேர்த்து அடைச்சிருக்கும். கூகுளோட டிஎன்எஸ் 8.8.8.8 போட்டுட்டு ரூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. முடிஞ்சது.

ஒட்டன்சத்திரம் · 11:03

மைக் ஓட்டை மேல கருப்பு டேப் ஒட்டுங்க. எங்க வீட்ல ரிமோட்டுக்கும் ஒட்டியிருக்கேன்.

மாடிவீட்டு_மணி · 11:05

ரிமோட்ல மைக் பட்டனை அமுக்கினாத்தானே கேக்கும்?

ஒட்டன்சத்திரம் · 11:06

அப்படித்தான் சொல்றாங்க.

வடலியூரான் (லண்டன்) · 11:20

தம்பி, உங்கட ரிவி நீங்கள் கதைச்சதைக் கேட்டுத்தான் விளம்பரம் போட்டதெண்டு நான் நினைக்கேல்லை. கேஸ்கட் போனாப் பிறகு வீட்டில ஆரும் போனில தேடிப் பாத்திருப்பினம். போனும் ரிவியும் ஒரே வைஃபை, வெளியால இருந்து பாக்கிறவனுக்கு ஒரே ஐபி முகவரி. ஒரு வீடெண்டு கணக்குப் பண்ண அது காணும்.

ஆனா ரிவி சும்மா இருக்கெண்டும் சொல்ல மாட்டன். ஏசிஆர் எண்டு ஒண்டு இருக்கு. திரையில என்ன ஓடினாலும் படத்தையும் சத்தத்தையும் துண்டு துண்டாக் கைரேகை மாதிரி எடுத்து சேர்வருக்கு அனுப்பும். அங்க இருக்கிற பட்டியலோட ஒப்பிட்டு, இந்த வீட்டில இந்த நேரம் இந்த நிகழ்ச்சி ஓடுதெண்டு கண்டுபிடிப்பினம். 2024ல இஞ்ச யூனிவர்சிற்றி கொலிஜ் ஆக்களும் மட்ரிட், கலிஃபோர்னியா ஆக்களும் சேந்து சாம்சங்கையும் எல்ஜியையும் வச்சு, போற வாற டேற்றாவை அளந்து பாத்தவை. எல்ஜி 15 செக்கனுக்கு ஒருக்கா, சாம்சங் நிமிசத்துக்கு ஒருக்கா அனுப்பினது. எச்டிஎம்ஐயில லப்டொப்பைக் கொழுவினாலும் அனுப்பினது. நெட்ஃபிளிக்ஸ், யூரியூப் அப்புக்குள்ள இருக்கேக்க அனுப்பேல்லை. மெனுவில சம்மதத்தை எடுத்துவிட நிண்டிட்டுது. சோதனை நடந்தது பிரிட்டனிலையும் அமெரிக்காவிலையும்.

எண்டபடியா முதல்ல மெனுவைப் பாருங்கோ, பிறகு றூட்டரைத் தொடலாம்.

பாக்கெட்_பெரியவர் · 11:34

இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் பதில் எழுதுவது? தேடுபெட்டி என்ற ஒன்று மேலே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ரூட்டர் என்றால் என்ன, போர்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் யாரோ வீடியோவில் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தால் இப்படித்தான் ஆகும். செய்த மாற்றங்களை வரிசையாக எழுதுங்கள். அதுவரை யாரும் ஆரூடம் சொல்ல வேண்டாம்.

சிக்னல்_சிங்காரம் · 11:36

ஆரூடம் இல்ல பெரியவரே, அனுபவம்.

பொருநை_குமார் · 11:49

மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். ரூட்டர் நான் தனியா வாங்கினது, ஃபைபர்காரர் கொடுத்த டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. டிவி 43 இன்ச், மூணு வருஷம் ஆச்சு. கம்பெனி பேரு வேண்டாம், போன இழையில அதுக்கே அடிதடி ஆச்சு. செஞ்சது இவ்வளவுதான்: டிஎன்எஸ்ல விளம்பரத்தை அடைக்கிற 94.140.14.14 போட்டேன். டிவிக்கு மட்டும் 53 (டிஎன்எஸ்), 80, 443 (வெப்) போர்ட்டை, அதாவது தகவல் போற வர்ற வாசலை விட்டுட்டு மிச்சம் அத்தனையையும் மூடினேன். வாங்கின அன்னைக்கு எல்லாத்துக்கும் ஓகே அமுக்கிட்டோமே, திரும்ப சம்மதம் கேக்கட்டும்னு டிவியை ஃபேக்டரி ரீசெட்டும் பண்ணினேன்.

சிங்காரம் அண்ணே, 8.8.8.8 போட்டுப் பாத்துட்டேன். அசையல.

சிக்னல்_சிங்காரம் · 11:52

போட்டதும் உடனே ஓடாது. பழைய டிஎன்எஸ் ஞாபகத்துல இருக்கும்.

மாடிவீட்டு_மணி · 11:55

போன் ஹாட்ஸ்பாட்ல டிவியைக் கோத்துப் பாருங்க. ஓடினா ரூட்டர் குத்தம், ஓடலன்னா டிவி குத்தம்.

பொருநை_குமார் · வெள்ளி 12:14

ஹாட்ஸ்பாட்ல ஓடுது! திரும்ப வீட்டு வைஃபைக்கு மாத்தினேன், அதுலயும் ஓடுது!! ரூட்டர்ல எதையும் தொடல. தானா சரியாயிடுச்சு போல. எல்லாருக்கும் நன்றி, படுக்கப் போறேன்.

சிக்னல்_சிங்காரம் · 12:16

சொன்னேன்ல. டிஎன்எஸ்.

பொருநை_குமார் · வெள்ளி காலை 5:41

மறுபடி போச்சு. அப்பா உலுக்கி எழுப்பி விட்டார். யூடியூப் சுத்திக்கிட்டே இருக்கு.

நாலுகட்டு_நாகராஜன் · 7:30

காலை வணக்கம். தெரியாமத்தான் கேக்குறேன், டிவி நாம பாக்குறதைப் பாத்தாத்தான் என்ன? எங்க வீட்ல ஓடுறது நாலு சீரியலும் கிரிக்கெட்டும். கம்பெனிக்காரன் அதையும் உக்காந்து பாத்தான்னா அவன் பாடுதான் பாவம். மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு இந்தத் தலைவலி எதுக்கு?

கயல்_திருவாரூர் · 7:58

நாகராஜன் சார், சீரியலோட நிக்கறதில்ல. அமெரிக்காவில விசியோன்னு ஒரு டிவி கம்பெனி மேல 2017ல வழக்கு வந்துச்சு. வாங்கினவங்ககிட்ட ஒழுங்காச் சொல்லாம 1 கோடியே 10 லட்சம் டிவியில நொடிக்கு நொடி என்ன ஓடுதுன்னு எடுத்திருக்காங்க. அதோட அந்த வீட்டு ஆளுங்க வயசு, ஆணா பொண்ணா, வருமானம், கல்யாணம் ஆச்சா, படிப்பு என்னன்னு மத்தவங்க சேர்க்கறதுக்கும் வழி பண்ணி வித்திருக்காங்க. 22 லட்சம் டாலர் கட்டித்தான் வழக்கை முடிச்சாங்க. உங்க சம்பளத்தை உங்க சம்பந்திகிட்டயே சொல்ல மாட்டீங்க. இது தனியுரிமைப் பிரச்சினை சார்.

நாலுகட்டு_நாகராஜன் · 8:05

சம்பந்திகிட்ட கூட்டித்தான் சொல்லியிருக்கேன். அது கிடக்கட்டும், "தனியுரிமை"ன்னா என்னம்மா? தனியுடைமை மாதிரி நிலபுலன் சமாச்சாரம்னு நினைச்சுட்டேன். அந்தரங்கம்னு நல்ல சொல் இருக்கே.

கயல்_திருவாரூர் · 8:12

அந்தரங்கம்னா கேக்கறவங்க காது வேற எங்கயோ போகும் சார். "அந்தரங்க உறவு"ன்னு பத்திரிகையில போட்டுப் போட்டு அந்தச் சொல்லையே கெடுத்து வச்சிருக்காங்க.

பாக்கெட்_பெரியவர் · 8:20

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த விஷயம் இது. உரிமை என்ற சொல் அதில் இருந்தே ஆக வேண்டும். எனவே தனியுரிமைதான் சரி. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

வடலியூரான் · 8:31

நாங்களும் தனியுரிமை எண்டுதான் எழுதுறனாங்கள். ஆனா அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்த வேணுமெண்டா "எங்கட வீட்டுக் கதை வெளியால போகக் கூடாது" எண்டால் போதும்.

நாலுகட்டு_நாகராஜன் · 8:33

இது புரியுது. இதையே முதல்ல சொல்லியிருக்கலாம்.

ஒட்டன்சத்திரம் · 8:40

எங்க சித்தப்பா வீட்ல அரசாங்கம் கொடுத்த இலவச டிவி இன்னும் ஓடுது. நெட்டும் இல்ல, மைக்கும் இல்ல. பின்னாடி மட்டும் பெருசா இருக்கும்.

மல்லிகா_கோவை · 9:15

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. குமார் தம்பி, ரெண்டே கேள்வி. ராத்திரி டிவியை ரிமோட்ல மட்டும் அணைப்பீங்களா, சுவத்து சுவிட்சையும் சேர்த்து அணைப்பீங்களா? இப்ப டிவில தேதியும் மணியும் என்ன காட்டுதுங்க?

சிக்னல்_சிங்காரம் · 9:18

தேதிக்கும் யூடியூபுக்கும் என்னம்மா சம்பந்தம்?

பொருநை_குமார் · 9:40

அக்கா, சுவிட்சையும்தான். அப்பா படுக்கறதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தி வந்து ஒவ்வொரு சுவிட்சா அணைச்சு, அப்புறம் கேஸை மூடி, கடைசியா கொல்லைக் கதவை ரெண்டு தரம் இழுத்துப் பாத்துட்டுத்தான் படுப்பார். தேதியைப் பாத்துட்டு வரேன்.

பொருநை_குமார் · 9:46

ஜனவரி 1, 2020!! அப்பாகிட்டக் கேட்டேன். "ரெண்டு நாளா சொல்லிக்கிட்டுத்தானடா இருக்கேன், ஆடி மாசத்துல டிவி மார்கழின்னு காட்டுதுன்னு"ங்கிறார். சொன்னார்தான். நான்தான் காதுல வாங்கல.

மல்லிகா_கோவை · 10:02

அதேதானுங்க. டிவிக்குள்ள தனியா பேட்டரிக் கடிகாரம் இருக்காது. சுவிட்சை அணைச்சா மணி மறந்துடும். திரும்பப் போட்டதும் நெட்ல ஒரு டைம் சர்வர்கிட்ட மணி கேக்கும். அது யுடிபி 123 போர்ட்ல போறது. நீங்க மூடினதுல அதுவும் மாட்டிக்கிச்சு.

ஆப் திறக்கறப்ப அந்தப்பக்க சர்வர் தன்னோட சான்றிதழைக் காட்டும். அதுல இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும். உங்க டிவி 2020ல உக்காந்திருக்கு. இன்னும் பொறக்காத சான்றிதழ் போலின்னு நினைச்சுக் கதவைச் சாத்துது. வைஃபை சரியா இருக்கறதால கனெக்டட்னு காட்டும். ஹாட்ஸ்பாட்ல போட்டப்ப உங்க ரூட்டர் குறுக்க இல்ல, மணியை வாங்கிக்கிச்சு. அதை வச்சுத்தான் வீட்டு வைஃபைலயும் ஓடுச்சு. அப்பா சுவிட்சை அணைச்சார், மறுபடி 2020.

டிவிக்கு 123ஐத் திறந்து விடுங்க. தேதியைக் கையால போட்டா மறுநாள் காலைல மறுபடி இதே கதைதான்.

எங்க வீட்ல மாமியார் சுவிட்சை அணைக்கிறவங்க. ஒரு மாசம் சுத்தினதுக்கு அப்புறம் கண்டுபிடிச்சது இது.

சிக்னல்_சிங்காரம் · 10:09

சில கேஸ்ல டிஎன்எஸ்ஸும் காரணமா இருக்கும்.

பாக்கெட்_பெரியவர் · 10:25

திருமதி மல்லிகா சொன்னது சரி. ஆனால் ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். டிவி கம்பெனிக்குத் தகவல் போவதும் 443 வழியாகத்தான். அதைத் தாராளமாகத் திறந்து வைத்துவிட்டு மற்றதை எல்லாம் மூடியிருக்கிறார். இந்த விதியால் நின்றது உளவு அல்ல, கடிகாரம். டிஎன்எஸ் வடிகட்டி ஓரளவு உதவும். ஆனால் ரூட்டர் சொல்வதைக் கேட்காமல் நேராக 8.8.8.8க்குப் போகும் கருவிகளும் உண்டு, 53 திறந்திருந்தால் அவை போய்க்கொண்டே இருக்கும்.

மாடிவீட்டு_மணி · 10:31

பெரியவர் சொல்றது நெத்தியடி. திருடன் போற வாசலைத் திறந்து வச்சுட்டுப் பால்காரரை நிறுத்தின கதை.

குமாரு, ரூட்டர் விதியைத் தூக்கிக் கடாசிட்டு மெனுவுக்குள்ள போங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர்ல ஒளிச்சு வச்சிருக்கும். சாம்சங்ல "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்". எல்ஜில "லைவ் பிளஸ்". சோனில "சாம்பா இன்டராக்டிவ் டிவி"ன்னு வரும். கூகுள் டிவி போட்டதுன்னா விளம்பர ஐடியை அழிச்சுட்டு, யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸையும் நிறுத்துங்க. பேரைப் பாத்தா ஏதோ நமக்கு நல்லது பண்ற வசதி மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. அப்டேட் வந்தா மறுபடி ஒரு தடவை எட்டிப் பாருங்க.

வடலியூரான் · 10:44

ஓம். கேபிள் பொக்ஸ் எச்டிஎம்ஐயிலதானே கொழுவியிருக்கு? அப்ப அப்பாவின்ர தேவாரத்தை விட அம்மான்ர சீரியல்தான் ரிவிக்கு வடிவாத் தெரியும்.

நாலுகட்டு_நாகராஜன் · 10:50

எங்க வீட்டு டிவிலயும் போய்ப் பாத்தேன். டிக் போட்டுத்தான் இருந்துச்சு. எடுத்துட்டேன். மறைக்க ஒண்ணும் இல்லதான், இருந்தாலும் கேக்காம எடுத்தா எப்படி?

பொருநை_குமார் · சனி காலை 6:10

123 திறந்தேன். ராத்திரி அப்பா சுவிட்சை அணைச்சும் காலைல தேதி சரியா வந்துச்சு, தேவாரம் ஓடுது. மல்லிகா அக்காவுக்குக் கோடி நன்றி. காபி வந்துடுச்சு.

மாடிவீட்டு_மணி · 6:32

சந்தோஷம். மெனுவுல அந்த டிக்கை எடுத்தீங்களா?

மாடிவீட்டு_மணி · திங்கள் இரவு 9:05

குமாரு?