ரத்தம் கேட்கிற குரூப்பில் காளை வீடியோ: அட்மின்களே, உங்கள் அனுபவம் என்ன?

செல்லூர் அட்மின்:
மதுரையில் ரத்தக் கொடையாளர்களுக்கான வாட்ஸ்அப் குரூப் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பந்தமில்லாத பதிவுகளால் நாங்கள் படுகிற பாட்டைச் சொல்கிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

காலை வணக்கப் படம், சாமி அலங்காரம், கட்சி வாழ்த்து, பழைய பைக் விற்பனை என்று எல்லாம் வருகிறது. போடுகிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. ஆனால் போன் ஓயாமல் சத்தம் போட்டால், குரூப்பை மியூட்டில் போட்டுவிடுவார்கள். எங்களுக்கு அடி விழுவது அங்கேதான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) எடுத்த ஐந்து நாளுக்குள் ஏற்றியாக வேண்டும், மாதக்கணக்கில் சேர்த்து வைக்க முடியாது. ஒருமுறை ரத்தம் கொடுத்தால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். ஆகவே பெரிய குரூப்பிலும் இன்றைக்குக் கொடுக்கக்கூடியவர்கள் கொஞ்சம்தான், அதிலும் நெகட்டிவ் வகைக்காரர்கள் மிகக் குறைவு. அந்த ஒருத்தர் மியூட்டில் இருந்தால் என்ன ஆகும்?

பொங்கல் சமயம்தான் பெரிய சோதனை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு. பலத்த காயம்பட்டவர்களை ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். ரத்தம் தேவைப்படுகிற அதே நாளில் குரூப் முழுக்கக் காளை வீடியோ. ஒரு பொங்கலன்று தன் அம்மாவுக்கு ஓ நெகட்டிவ் கேட்டு மகன் போட்ட பதிவு அதற்கடியில் போய்விட்டது. பழைய பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகப் போன் போட்டுத்தான் ஆள் பிடித்தோம்.

விடியக்காலையில் படம் போடும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் முகம் வாடிப்போகும் என்று தனியாகக் கூப்பிட்டேன். “ஐயா, படம் நிறைய வர்றதால ஆளுங்க மியூட் பண்ணிடுறாங்க. ராத்திரி ரத்தம் கேட்டா யாருக்கும் கேக்க மாட்டேங்குது.”

“எல்லாரும் நல்லாருக்கணும்னுதானப்பா போட்டேன். இப்படி ஆகும்னு யாரும் சொல்லலையே” என்றார். அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போது ரத்தம் கேட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, தேவை முடிந்ததா என்று விசாரிக்கிற பொறுப்பு அவருடையது. எங்களில் யாரும் அதை அவ்வளவு பொறுமையாகச் செய்ய மாட்டோம்.

கள்ளந்திரி பக்கத்து விவசாயி:
எங்க குரூப் வாய்க்கால் தண்ணிக்காக. எப்பத் திறக்குறாக, எந்த மடைக்கு முறை, அணையில எத்தனை அடி, இது தெரிஞ்சாப் போதும். வைகை அணையில 66 அடிக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. அந்த நேரத்துல ஒருத்தர் என்னைக்கோ எடுத்த வெள்ள வீடியோவத் தேதியில்லாமப் போட்டு விட்டுட்டார். ஆத்தங்கரை ஓரத்துல இருக்குற சொந்தக்காரவுக பதறிப்போய் அங்கிட்டும் இங்கிட்டும் போன் பண்ணுறாக. இப்ப நாங்க வச்சிருக்குற கட்டுப்பாடு ஒன்னுதான்: பலமுறை அனுப்பப்பட்டதுன்னு இரட்டை அம்புக்குறி இருந்தா, எடுத்த இடமும் தேதியும் சொல்லணும். சொல்லாட்டி அட்மின் அழிச்சிருவாரு. சண்டை பாதியாக் குறைஞ்சிருச்சு.

ஆனையூர், குடியிருப்புச் சங்க அட்மின்:
எங்களுக்குத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதே முக்கியம். அரட்டைக்குத் தனிக் குரூப் வைத்தோம், அதில்தான் இப்போது கூட்டம் அதிகம். செல்லூர் அண்ணா, அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று நீங்கள் ஏன் பூட்டவில்லை?

செல்லூர் அட்மின்:
பூட்டிப் பார்த்தோம் அக்கா. “நான் கிளம்பிட்டேன்” என்று கொடையாளர் சொல்லவும் வழியில்லாமல் போனது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் நள்ளிரவில் எந்த அட்மினை எழுப்புவார்? அதனால் திறந்துவிட்டு, பதிவின் வடிவத்தை மட்டும் கறாராக வைத்தோம்.

கள்ளந்திரி பக்கத்து விவசாயி:
அந்த வடிவத்தை இங்கன போடுங்க தம்பி. எங்க ஊருப் பையங்களும் ரத்தக் குரூப் ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.

செல்லூர் அட்மின்:
இந்தாங்கண்ணே: ரத்த வகை, எத்தனை யூனிட், ஆஸ்பத்திரியும் வார்டும், இன்றைய தேதி, எத்தனை மணிக்குள் வேண்டும், கூட இருப்பவர் போன் நம்பர். தேதி இல்லாவிட்டால் ஏற்காதீர்கள். தேவை முடிந்ததும் அட்மினே எல்லாருக்கும் அழித்துவிடணும், இல்லாட்டி அந்த நம்பருக்கு மாசக்கணக்கில் போன் வந்துகொண்டே இருக்கும்.