கோழிக் கொழுப்பு பயோடீசல்: கேஓஎச் போட்டதும் கட்டியாகிறது, அவசரம்

பல்லடத்தான்: ஃபைனல் இயர் புராஜெக்ட். கறிக்கடைக் கொழுப்பை உருக்கி, சல்ஃப்யூரிக் ஆசிட், மெத்தனால் போட்டு முதல் கட்டம் முடித்தேன். அடுத்து கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு), மெத்தனால். பயோடீசலிலிருந்து கிளிசரின் பிரியவே இல்லை. இன்னும் கொஞ்சம் கேஓஎச் போட்டேன், ஆறிப்போன பாயாசம் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ரிவ்யூ.

கொதிகலன்: எவ்வளவு கொழுப்பு? எவ்வளவு ஆசிட்? எஃப்எஃப்ஏ, அதாவது கொழுப்பில் தனியாகக் கிடக்கும் கொழுப்பு அமிலம், எவ்வளவு என்று பார்த்தீர்களா?

எண்ணெய்ச்சட்டி: தண்ணீர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். உருக்கிய கொழுப்பை 110 டிகிரியில் சடசடப்பு அடங்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

பேராசான்: டைட்ரேஷன் செய்து அமிலத்தை அளக்காமல் பயோடீசல் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். பியூரெட் என்று ஒன்று இருக்கிறது தம்பி, லேபில் தேடிப் பாருங்கள்.

பல்லடத்தான்: டைட்ரேஷன் செய்தேன் சார். எஃப்எஃப்ஏ 12%. கொழுப்பு 1 கிலோ, ஆசிட் 5 மி.லி., மெத்தனால் 200 மி.லி., 60 டிகிரி. கேஓஎச் முதலில் 10 கிராம்.

கொதிகலன்: முதல் கட்டம் முடிந்ததும் மேலே மிதக்கும் அடுக்கை எடுத்தீர்களா? மெத்தனால், உண்டான தண்ணீர், ஆசிட்டில் பெரும்பகுதி எல்லாம் அதில்தான் இருக்கும். எடுக்காவிட்டால் 5 மி.லி. ஆசிட்டை அடக்கவே 10 கிராம் கேஓஎச் போய்விடும். வினையூக்க மிச்சமில்லை, அதனால்தான் பிரியவில்லை. அப்புறம் போட்டது மிச்ச எஃப்எஃப்ஏவோடு சேர்ந்து சோப்பு. மெத்தனாலும் குறைவு. எஃப்எஃப்ஏ ஒரு கிராமுக்கு 2.25 கிராம் கணக்கில் 270 கிராம் வேண்டும், அதாவது 340 மி.லி. எஃப்எஃப்ஏ 1 சதவீதத்துக்குக் கீழே வந்ததா என்று பார்த்த பிறகுதான் கேஓஎச்.

எண்ணெய்ச்சட்டி: நான் சொன்ன தண்ணீரேதான்.

கொதிகலன்: நீங்கள் சொன்னது கொழுப்பில் இருந்த தண்ணீர். இது வினையில் பிறந்தது.

புங்கமரம்: மெத்தனாலை விட்டுத்தள்ளுங்கள். கள்ளக்குறிச்சி மெத்தனால் சாராயச் சாவுகளுக்கு அப்புறம் வாங்கப் போனாலே ஆயிரம் கேள்வி. எத்தனால் போதும்.

பேராசான்: எத்தனால் மட்டும் மளிகைக் கடையிலா விற்கிறது? அதற்கும் அனுமதி வேண்டும். கிடைப்பது 95 சதவீதம், மீதி தண்ணீர். கிளிசரினும் லேசில் பிரியாது.

புங்கமரம்: குடித்தால் கண் போகாது, அது போதாதா?

பேராசான்: லேபில் எதையும் குடிக்கக் கூடாது.

பல்லடத்தான்: கொதிகலன் அண்ணா, புது பேட்ச் போட்டு மேல் அடுக்கை எடுத்துவிட்டேன். கீழே கிளிசரின் இறங்கிவிட்டது. நன்றி!!

கொதிகலன்: சந்தோஷம். ஆசிட் வேல்யூ (பயோடீசலில் மிச்சமிருக்கும் அமில அளவு) எவ்வளவு வந்தது? 0.5க்குள் இல்லாவிட்டால் பயோடீசலுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15607 தாண்டாது, ரிவ்யூவில் கேட்பார்கள்.

எண்ணெய்ச்சட்டி: தம்பி? கொழுப்பைக் காய்ச்சினீர்களா இல்லையா?