எச்ஐவியும் பிறப்பு விகிதமும்: ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன்

வணக்கம் நண்பர்களே. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் எச்ஐவி பரவல் குழந்தைப் பிறப்பை எப்படி மாற்றியது என்று ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மக்கள்தொகையியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து பரவலாகக் கிடைக்கும் முன், தொற்றுள்ள பெண்களுக்குக் குழந்தைகள் குறைவாகவே பிறந்தன. கருச்சிதைவு, உடல் நலிவு, கூடவே வரும் பிற பால்வினை நோய்கள், துணையின் மரணம் எனக் காரணங்கள் பல. ஆனால் 15–19 வயதில் கணக்கு தலைகீழ்: தொற்றுள்ளவர்களிடமே பிறப்பு அதிகம். அந்த வயதில் உடலுறவைத் தொடங்கியவர்களுக்குத்தானே தொற்றும் கர்ப்பமும் வரும்? அதனால், சரி, இது புரிகிறது.

குழப்பம் இங்கேதான். பரவல் அதிகமிருந்த ஜிம்பாப்வேயில் பிறப்பு விகிதம் இறங்கியது. உகாண்டாவில் 1990களில் பெரிதாக அசையவே இல்லை. ஜிம்பாப்வேயில் கருத்தடை ஏற்கெனவே பரவியிருந்தது. அப்படியானால் எச்ஐவியின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? கர்ப்பிணிகளிடம் எடுத்த பரிசோதனைத் தரவை நம்பவும் தயக்கம். கருத்தரிக்காத தொற்றாளர்கள் அதில் வரவே மாட்டார்கள். இந்தக் குறையைச் சரிக்கட்ட அந்தத் தரவில் வயதுவாரியாகத் திருத்தம் செய்த அனுபவம் உள்ளவர்கள் எந்த முறையில் செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.