கேட்ட இடத்திலெல்லாம் அம்மாவின் நம்பரைக் கொடுத்துவிட்டோம், இனி என்ன செய்யலாம்?

பொன்மலைக்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர், அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. திருச்சியில் தனியாக இருக்கிறார், எனக்கு வேலை கோவையில். அம்மாவிடம் இருப்பது ஒரே நம்பர், பன்னிரண்டு வருடமாக அதுதான். வங்கி, ஆதார், கேஸ், ரேஷன், பால்காரர் எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்திருக்கிறோம்.

போன தீபாவளிக்கு முந்தின வருடம் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்தோம். பில்லோடு பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். பெயர், முகவரி, போன் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் கேட்டிருந்தது. அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை என்று நான்தான் எழுதிப் பெட்டியில் போட்டேன். அதற்கப்புறம்தான் தொல்லை அதிகமானது என்று எனக்குத் தோன்றுகிறது. டிடிசிபி அப்ரூவல் மனை, தனிநபர் கடன், காப்பீடு, பங்குச் சந்தை டிப்ஸ் என்று ஒரு நாளைக்கு எட்டு அழைப்பு, பத்து அழைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அடுப்படியிலிருந்து ஒவ்வொரு தடவையும் பிள்ளைதான் கூப்பிடுகிறான் என்று எழுந்து வருகிறார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

இது வெறும் தொல்லையாக இருந்தவரை பொறுத்துக்கொண்டோம். நவம்பரில், உயிர்வாழ் சான்று கொடுக்கிற சமயத்தில், ஒருவன் நல்ல தமிழில் பேசியிருக்கிறான். அம்மாவின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொல்லி, பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையின் எண்ணையும் சரியாகச் சொல்லி, சான்று பதிவாகவில்லை, அடுத்த மாதப் பணம் நிற்கும், இப்போது வருகிற ஓடிபியைப் படியுங்கள் என்றிருக்கிறான். அம்மா அதில் இரண்டு இலக்கங்களைச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து சிலிண்டர் போடுகிற தம்பி கதவைத் தட்ட, போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் ஓடிபிக்கான நேரம் முடிந்துவிட்டது. பணம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து போன் அடித்தாலே பயப்படுகிறார்.

தெரியாத எண்ணையெல்லாம் சத்தம் வராமல் வைத்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். அந்த சிலிண்டர் தம்பியும் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார், ரத்தப் பரிசோதனை நிலையமும் அப்படித்தான். நம்பரையே மாற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிக்னல் செந்தில்

தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் டிஎன்டி, அதாவது விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவு செய்வது. அம்மாவின் போனிலிருந்து ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்கள். எல்லா வகை விளம்பரத்தையும் தடுக்கச் சொல்லும் கட்டளை அது. வங்கிச் செய்தி, ஓடிபி எதுவும் இதனால் நிற்காது, பயப்பட வேண்டாம். பதிவு செய்துகொண்டு 140 தொடரில் கூப்பிடுகிற விளம்பரக் கம்பெனிகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

அடங்காதது எது என்றால், உங்களையும் என்னையும் போல சாதாரணப் பத்து இலக்க சிம் வாங்கி அதிலிருந்து கூப்பிடுகிறவர்கள். மனை விற்கிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான். இவர்களுக்கு டிஎன்டி பட்டியல் ஒரு பொருட்டே இல்லை, புகார்தான் வழி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியிலோ 1909லோ புகார் கொடுக்கலாம். முன்பு மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும், 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தி ஏழு நாள் ஆக்கினார்கள். பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே அந்த எண் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் மாற்றினார்கள். அதனால் ஒருவர் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று விடாதீர்கள், ஐந்தாவது ஆள் நீங்களாக இருக்கலாம்.

ஓடிபி கேட்ட எண்ணை இதில் போடாதீர்கள், அது வேறு. அதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். அதே சஞ்சார் சாத்தியில் அம்மா பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். கண்டிப்பாகப் பாருங்கள். நான் என் சித்தப்பாவுக்குப் பார்த்தபோது அவர் கண்ணால் கண்டிராத இரண்டு எண்கள் அவர் பெயரில் இருந்தன.

கல்லாவில் இருப்பவள்

அண்ணா, நான் மதுரையில் ஒரு கடையில் பில் போடுகிறேன். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

நம்பரை நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. திரையில் முதல் கட்டமே மொபைல் எண்தான், அதைத் தாண்டினால்தான் பொருளை ஸ்கேன் பண்ண முடியும் என்பதுபோல் வைத்திருப்பார்கள். மாதக் கடைசியில் யார் எத்தனை நம்பர் வாங்கினோம் என்று கணக்குப் பார்ப்பார்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது வாடிக்கையாளர் சத்தமாகச் சொல்ல, பின்னால் நிற்கிறவர் காதிலும் அது விழும். வயசுப் பெண்கள் தயங்கித் தயங்கி நம்பரைச் சொல்கிறபோது எனக்கே கூசும்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம்பர் கொடுக்காமல் பில் போட முடியும். எங்கள் கடையில் கொடுக்க மாட்டேன் என்கிறவர்களுக்குக் கடை நம்பரையே போட்டு முடித்துவிடுவோம், மற்ற கடைகளிலும் ஏதாவது ஒரு வழி இருக்கும். "நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடு" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும், சண்டை போட வேண்டியதில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நாங்கள் தப்பாக நினைப்பதும் இல்லை. பெரியவர்கள் பலர் நம்பர் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள், உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருப்பார்.

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே, பில் போட நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. கட்டாயப்படுத்தினால் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குச் சொல்லலாம். ஆனால் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பில் போடுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.

பாஸ்புக்

வங்கியில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் பதிவில் எல்லாரும் கடையைப் பிடித்துக்கொண்டார்கள், என் கண் வேறு இடத்தில் நிற்கிறது.

பிபிஓ எண் ஜவுளிக்கடைக் கூப்பனில் இருந்திருக்காது. உங்கள் அப்பா பெயரும் இருந்திருக்காது. ஆக, மனைக்காரன் வேறு, இவன் வேறு. அந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற காகிதம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஓய்வூதிய ஆணைதான். அது எங்கே வெளியே போனது? ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரிலா, பிரவுசிங் சென்டரில் யாராவது பதிவேற்றிக் கொடுத்தார்களா, வாட்ஸ்அப்பில் யாருக்காவது படம் எடுத்து அனுப்பினாரா? அம்மாவிடம் கோபப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். கோபப்பட்டால் அடுத்த முறை நடந்ததைச் சொல்லவே மாட்டார், அதுதான் பெரிய ஆபத்து. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று மறைத்தே லட்சக்கணக்கில் இழந்தவர்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

நம்பரை மாற்றுவது பற்றி. அவசரப்பட்டு பழைய சிம்மை விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனி முடக்கிவிடும், முடக்கி 90 நாள் கழிந்தால் அதை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். ஏதாவது ஒரு இடத்தில் மாற்ற மறந்திருந்தால் அம்மாவின் ஓடிபி அந்த ஆளுக்குப் போகும். நான் சொல்வது இதுதான்: ஊருக்கே தெரிந்த பழைய நம்பர் பேச்சுக்கு இருக்கட்டும். புதிதாக ஒரு சிம் எடுத்து, வங்கிக்கும் ஆதாருக்கும் மட்டும் அதைக் கொடுங்கள், வேறு ஒரு மனிதருக்கும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. அதை ஒரு சாதா பட்டன் போனில் போட்டு பீரோவில் வையுங்கள். ரீசார்ஜ் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது, அதைக் கேட்டு வாங்குங்கள். நம்பர் மாற்ற அம்மாவைக் கிளைக்கே நேரில் அழைத்துப் போங்கள்.

ஓய்வூதியம் வருகிற கணக்கில் யுபிஐ வேண்டவே வேண்டாம். இன்னொரு சிறு கணக்கில் மூவாயிரம் நாலாயிரம் வைத்து அதில் யுபிஐ போட்டுக்கொள்ளட்டும். உயிர்வாழ் சான்றுக்கு எந்த வங்கியும் போனில் ஓடிபி கேட்காது. அடுத்த நவம்பரில் நீங்களே உங்கள் போனில் உயிர்வாழ் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியைப் போட்டு அம்மாவின் முகத்தைக் காட்டி முடித்துவிடலாம், முடியாவிட்டால் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம்.

கிழக்குத் தாம்பரம்

சட்டம் என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆனது, அதிலும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற முக்கியமான பகுதிகளுக்கு 18 மாதம் அவகாசம். பத்து வருடமாக ஒவ்வொரு கல்லாவிலும் நம்பரைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள், அதை எப்படித் திரும்ப வாங்குவது? கூப்பனில் கையெழுத்துப் போட்டதே சம்மதம் என்று காட்டுவார்கள். எதற்காக வாங்குகிறோம், யாருக்குக் கொடுப்போம் என்று அந்தக் கூப்பனில் ஒரு வரியாவது தமிழில் இருந்ததா? இதைக் கேட்க வேண்டியது அம்மாக்கள் இல்லை, நாம்தான்.

பொன்மலைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன்.

பாஸ்புக் சார் சொன்னதுதான் சரி. மெதுவாகக் கேட்டேன். அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் அம்மா இருக்கிறார், நானூறு பேருக்கு மேல். குடும்ப ஓய்வூதியம் குறைந்த மாதிரி இருக்கிறதே என்று சந்தேகம் கேட்டு, பிபிஓவின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அதில் போட்டிருக்கிறார். பதில் சொன்னவர்களும் நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார்கள், மேலே தேடிப் பார்த்தால் இன்னும் பலரின் ஆணைகள் அதில் கிடக்கின்றன. போட்டவர்களின் போன் நம்பர்களும் பக்கத்திலேயே தெரிகின்றன. இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் அம்மாவின் படத்தை எல்லாருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி இப்போது வரவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாமே என்று வாய் வரை வந்தது. ஆனால் நான் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் அவசரமாகத்தான் பேசுகிறேன். அம்மா வேறு யாரிடம் கேட்பார்?

குழு நிர்வாகி அப்பாவின் நண்பர், 74 வயது. நேரில் போய்ப் பேசினேன், அவரே அதிர்ந்துபோனார். ஆணை, ஆதார், பாஸ்புக் எதையும் படமாகப் போட வேண்டாம், சந்தேகத்தை எழுத்தில் கேளுங்கள் என்று குழுவில் தமிழில் ஒரு குரல் பதிவு போட்டார். அன்று இரவே ஆறு பேர் தனியாக அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கும் அந்த மாதிரி போன் வந்தது, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்களாம். அதில் ஒருவருக்குப் பணமும் போயிருக்கிறது, அவரைத் திங்கள்கிழமை சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

1909க்கு அனுப்பியாயிற்று, இரண்டு நாளில் அழைப்புகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. புது சிம் வாங்கிவிட்டோம், வங்கிக்கு நாளை. அம்மா பெயரில் வேறு சிம் எதுவும் இல்லை. மதுரைத் தங்கச்சி சொன்ன வார்த்தையை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்று காலை மருந்துக்கடையில் "நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடு" என்று சொன்னாராம், அந்தப் பெண் சரி பாட்டி என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்ததாம்.

பாஸ்புக் சார், ஒரு சந்தேகம். பிபிஓ எண் வெளியே போனது போனதுதான், அதை மாற்ற முடியுமா, அல்லது வங்கியில் எழுதிக் கொடுத்து ஏதாவது குறிப்புப் போட்டு வைக்கச் சொல்லலாமா?

பாஸ்புக்

எண்ணை மாற்றச் சொல்லி அலைய வேண்டாம் தம்பி. நாளை கிளைக்குப் போகும்போது நடந்ததை ஒரு தாளில் எழுதி, கூப்பிட்ட எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவும் கூட வரட்டும், கவுன்டரில் இருப்பவர்களுக்கு அவர் முகம் பழகட்டும்.