கர்த்தர் சொன்னார் என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா?

மாலைத்தேனீ:
வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில் ஒரு ஊழியர் என் தலையில் கைவைத்து, "பெங்களூர் வேலைக்குப் போகாதே என்று கர்த்தர் சொல்கிறார்" என்றார். வேலையில் சேரப் பத்து நாள்தான் இருந்தது. போகவில்லை. இரண்டு வருடமாகச் சும்மா இருக்கிறேன். அவரிடம் கேட்டால் எனக்கு விசுவாசம் போதவில்லையாம்! எபிரெயர் முதல் அதிகாரம் சொல்கிறபடி கர்த்தர் குமாரன் மூலமாய்ப் பேசிவிட்டார், அது வேதத்தில் இருக்கிறது. இனிமேல் கேட்கிற சத்தமெல்லாம் நம் மனசுதான் என்பது என் கட்சி.

அன்னாளின் மகள்:
தம்பி, அவர் தப்பாகச் சொன்னார் என்பதற்காக ஆண்டவரை ஊமையாக்கிவிடாதீர்கள். வேதத்தில் கர்த்தர் கூப்பிட்டபோது, சிறுவன் சாமுவேல் மூன்று தடவை ஆசாரியன் ஏலியிடம் ஓடினானே, ஏன்? சத்தம் கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்தும் மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த பெண், 1890களில் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் பார்க்கக்கூடாது என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அப்படித் தொடங்கியதுதான்.

மாலைத்தேனீ:
அக்கா, அங்கே சத்தம் எங்கே கேட்டது? கதவைத் தட்டினார்கள், பெண்கள் செத்தார்கள், மனசாட்சி உறுத்தியது. அதற்கு நாம் வைத்த பெயர்தானே அழைப்பு? ஒருத்தியை அழைக்க மூன்று பேர் சாக வேண்டுமா?

அன்னாளின் மகள்:
அந்த மூன்று பேர் ஏன் செத்தார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களைக் கர்த்தர் கொன்றார் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் தீர்க்கதரிசி எலியாவுக்குக் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கிடைக்காத கர்த்தருடைய பேச்சு அமர்ந்த மெல்லிய சத்தத்தில் கிடைத்தது. மனசாட்சி வழியாக அவர் பேசக்கூடாதா? இன்னொன்று, ஐடாவின் தலையில் கைவைத்து யாரும் உத்தரவு போடவில்லை.

பெரோயாக்காரன்:
இரண்டு பேருக்கும் என் பதில், வேதத்தில் 1 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம். யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்கு, இங்கே அப்பம் புசியாதே என்று கர்த்தர் நேரடியாகச் சொல்லியிருந்தார். கிழட்டுத் தீர்க்கதரிசி ஒருவன், "தூதன் என்னிடம் பேசினான், வீட்டுக்கு வா" என்று பொய் சொல்லிச் சாப்பிடவைத்தான். திரும்பும் வழியில் தேவமனுஷனைச் சிங்கம் கொன்றுபோட்டது. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதும் இதுதானே: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே, எல்லாவற்றையும் சோதித்துப் பார். நம் ஆட்கள் முதல் பாதியோடு பிரசங்கத்தை முடித்துவிடுகிறார்கள்.

மாலைத்தேனீ:
சிங்கம் கொன்றது ஏமாந்தவனைத்தான் பிரதர். பொய் சொன்னவன் நன்றாகத்தான் இருந்தான்.

பெரோயாக்காரன்:
உண்மை. எனக்கும் அந்த இடம் உறுத்தும். சரி, ஒன்று கேட்கிறேன். ஊழியர் பேசுவதற்கு முன்னால் நீங்களே ஜெபித்தீர்களா?

மாலைத்தேனீ:
ஆர்டர் வந்த அன்று அம்மாவும் நானும் முழங்கால்போட்டு நன்றி சொன்னோம். மனசு லேசாக இருந்தது. அதைச் சத்தம் என்று நான் நினைக்கவே இல்லை. இப்போதும் நினைக்கவில்லை, அக்கா. ஆனால் அந்த ஊழியர் பேசியபோது வயிற்றைப் பிசைந்தது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.